கப்பல் சாப்பாட்டுக்கு ஒரு கவுன்

"மேல இருந்து கீழ வரைக்கும் படி சுமதி, ஒண்ணு விடாதே" என்று மேகலா தன் போனை நீட்டியபோது, சுமதியின் கால் மெஷின் மிதியில் இருந்தது. காலை எடுக்காமலே போனை வாங்கினாள். சிமெண்ட் கம்பெனி அனுப்பிய தகவல். கப்பலில் எந்த வேளை எங்கே சாப்பாடு, அதற்கு என்ன உடுத்தி வர வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ். மேகலா பத்தாவதோடு நின்றவள். சுமதி அரியலூர்க் கல்லூரியில் பி.காம். முடித்தவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் ஓரகத்தி தன்னிடம் கையேந்தி நிற்கிறாள் என்பது சுமதிக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே படித்தாள்.

"ரெண்டாம் நாள் ராத்திரி பெரிய விருந்து. ஆம்பளைங்க கோட்டு, டை. பொம்பளைங்க காலு வரைக்கும் கவுனு. ட்ரவுசர், ரப்பர் செருப்பு, நைட்டி, லுங்கி இதெல்லாம் போட்டுட்டு வந்தா உள்ள விட மாட்டாங்க."

"நைட்டிய போட்டுக்கிட்டு எவ போவா?" என்று மேகலா சிரித்தாள். சிரித்த முகம் உடனே சுருங்கியது. "அவ்ளோதானா? கவுனுதானா?"

"அவ்ளோதாங்க்கா."

கவுனுக்கும் ட்ரவுசருக்கும் நடுவில் இன்னொரு வரி இருந்தது. இந்திய மரபு உடையும் ஏற்கப்படும், பெண்கள் பட்டுப்புடவை, ஆண்கள் பட்டு வேட்டி சட்டை. சுமதியின் கண் அதைப் படித்தது, வாய் படிக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லையே, ஒரு வரியைத் தாண்டினேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெயங்கொண்டம் பஸ் எல்லா ஊரிலுமா நிற்கிறது?

மேகலாவிடம் பட்டுப்புடவைகள் பீரோ கொள்ளாமல் இருந்தன. அரக்குச் சிவப்பில் ஒன்று உண்டு. அதைக் கட்டிக்கொண்டு நாலு சரம் மல்லிகையும் வைத்தால், விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள். அது வேண்டாம் என்று சுமதியின் நெஞ்சு சொன்னது. கவுனில் போகட்டும். தலையணைக்கு உறை போட்ட மாதிரி நிற்கட்டும். திருச்சி, கோயமுத்தூர் டீலர்களின் பெண்டாட்டிகள் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கட்டும்.

இப்படி நினைக்கும் அளவுக்கு சுமதி கெட்டவள் இல்லை. ஆனால் வயிறு எரிந்தது, உண்மையிலேயே எரிந்தது. காரணம் இதுதான். அவள் கணவன் தமிழழகனுக்கு விக்கிரமங்கலத்தில் சின்ன சிமெண்ட் கடை. அண்ணன் நடராசனுக்கு அரியலூரில் பெரிய கடை. கம்பெனியின் டீலர் என்ற பேர் அண்ணனுக்கு மட்டும்தான். தம்பி கடைக்கு வரும் லோடும் அண்ணன் பேரிலேயே இறங்கும். அந்த வருஷம் விக்கிரமங்கலம் பக்கம் காலனி வீடுகள் நிறையக் கட்டினார்கள். தமிழழகன் விடியற்காலையில் போய் இருட்டில் வந்தான். காதுமடலில் படிந்த சிமெண்டு குளித்தாலும் போகாது. கடைசியில் இத்தனை டன்னுக்கு மேல் விற்ற டீலருக்குக் குடும்பத்தோடு கப்பல் பயணம் என்று கம்பெனி அறிவித்தது. சென்னையில் ஏறி, மூன்று ராத்திரி கடலில் சுற்றி, திரும்பச் சென்னையில் இறக்கிவிடுவார்கள். பேர் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தானே டிக்கெட்டு. பாடுபட்டவன் ஒருத்தன், பலன் தின்பவன் ஒருத்தன் என்று சுமதி அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழழகன் காதில் விழுந்தும் விழாதவன் போல டி.வி. பார்த்தான்.

மேகலா திருச்சிக்குப் போய்த் துணி எடுத்து வந்தாள். மயில்கழுத்துக் கலரில் சாட்டின் துணி. தொட்டால் தண்ணீரைத் தொட்ட மாதிரி விரலை விட்டு ஓடியது. "ஒனக்குத் தெரியாததா, நீயே பாத்துத் தையி" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அளவு எடுக்கும்போது சுமதி ஒன்றைக் கவனித்தாள். இரண்டு பேருக்கும் உயரமும் தோளும் ஒன்றேதான், இடுப்பில்தான் இரண்டு இஞ்சு வித்தியாசம். அந்த இரண்டு இஞ்சு தன் பக்கம் குறைவாக இருந்ததில் ஒரு சந்தோஷம். ஆனால் கப்பலில் ஏறப்போவது அதிகமாக இருந்த பக்கம் அல்லவா?

கேவலமாகத் தைத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். கழுத்தை ஒரு பக்கம் இறக்கிவிடலாம். கைக்குழியைப் பிடித்து வைத்தால் சாப்பிடக் கையைத் தூக்கும்போது படக்கென்று விடும். எப்படி எப்படிக் கெடுக்கலாம் என்று மனசு வழி சொன்னது. கைதான் கேட்கவில்லை. பதினாறு வருஷம் ஊரில் உள்ள பெண்களின் ஜாக்கெட்டையெல்லாம் தைத்த கை அது. சாட்டின் வழுக்கியபோது தானாகவே அடியில் செய்தித்தாளை வைத்து ஓட்டியது. ஊசியை மாற்றி மெல்லிய ஊசி போட்டது. இடுப்பில் பிரித்துவிட்டுக்கொள்ள உள்ளே இரண்டு தையல் விட்டது. கழுத்துக்கு உள்துணி வைத்துத் திருப்பியபோது, வளைவில் ஒரு சுருக்கம் இல்லை. சுமதிக்கு அழுகை வந்தது. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஜிப் வைத்து முடித்தாள்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. மகள் சண்முகப்பிரியா பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். சுமதி கதவைச் சாத்திவிட்டு, அளவு பார்க்கத்தான் என்று கவுனை மாட்டினாள். பீரோக் கண்ணாடியில் பார்த்தாள். கொஞ்ச நேரம் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. கழுத்தில் தாலிச்சரடு மட்டும் தெரிந்தது. கொண்டையை உயர்த்திப் போட்டாள். விருந்துக்குப் போகிற உடையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று பார்க்க வேண்டாமா? அதுவும் தையல்காரியின் வேலைதானே. தட்டில் சோறு போட்டு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றி, மடியில் பழைய துண்டை விரித்து, துணி வெட்டும் மேசையின் முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்பூனால் சாப்பிட்டாள். மூன்றாவது வாயில், பக்கத்து மேசையில் யாரோ திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. லேசாகச் சிரித்துக்கூட வைத்தாள்.

சாத்திய கதவைத் தாழ்போட மறந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த தமிழழகன் உள்ளே வந்து நின்றான். புருவத்தில் சிமெண்டு.

"என்ன கோலம் இது?"

"அளவு பாக்கறேன். அக்காவும் நானும் ஒரே ஒசரம்."

"குழம்ப ஊத்தியா அளவு பாப்ப?" என்றான். ஆனால் சிரிக்கவில்லை. கை கழுவி, ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு."

அந்த ஒரு சொல்லில் இத்தனை நாள் அடக்கியதெல்லாம் வந்துவிட்டது. "நல்லா இருந்து என்னங்க பண்றது? போறது அவுங்க. ஓடி ஓடி சிமிட்டி வித்தது நீங்க. ஒங்கண்ணன் ஒரு வார்த்த கேட்டாரா? தம்பி, நீ போறியாடான்னு ஒரு வார்த்த?"

தமிழழகன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"கேட்டாரு" என்றான்.

"என்ன?"

"சித்திரையிலேயே கேட்டாரு. பாதிக்கு மேல ஒன் கடை லோடுதாண்டா, நீ சுமதிய கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா, கம்பெனியில சொல்லி பேர மாத்திக்கலாம்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

சுமதி ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா போவணும்ப." சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கம்பெனி ஆளு வந்திருந்தான். கோட்டு போட்டாத்தான் அந்த விருந்துல ஒக்கார விடுவாங்கன்னான். நம்ம ரிசப்சனுக்கு ஒங்கப்பா வாடகைக் கோட்டு எடுத்துட்டு வந்தாரே, ஞாபகம் இருக்கா? கையி முழங்கைக்குக் கொஞ்சம் கீழதான் இருந்துச்சு. மேடையில நின்னேன். ஒங்க சனம் பூரா சிரிச்சுது. நீயும்தான் சிரிச்ச."

அவள் சிரித்தது உண்மை. கையை மறைக்க அவன் கோட்டைக் கீழே இழுத்து இழுத்து விட்டதைப் பார்த்துத்தான் சிரித்தாள். அந்தப் போட்டோ கூட ஆல்பத்தில் இருக்கிறது. பதினேழு வருஷத்தில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வேட்டின்னா போயிருப்பேன்" என்றான் தமிழழகன். "வேட்டி கட்டிக்கிட்டு எங்க வேணா போவேன். அதுக்குத்தான் அங்க வழியில்லையே." பிறகு சாப்பிட ஆரம்பித்தான்.

சுமதி எழுந்து உள்ளே போய்க் கவுனைக் கழற்றினாள். அந்த வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. பட்டு வேட்டி சட்டை. மூன்றே சொல். மேகலாவுக்குக் கிடைக்கக்கூடாது என்று அவள் தாண்டிப் போன இடத்தில்தான் இவன் நின்றுகொண்டிருந்திருக்கிறான். இப்போது பேரை மாற்ற முடியாது, கப்பல் செவ்வாய்க்கிழமை. யார் மேல் பொறாமைப்படுவது என்று தெரியாமல், பொறாமை மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேகலா போட்டுப் பார்க்க வந்தாள். கடை விடுமுறை. தமிழழகன் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தையல் அறைக்கு நடுவில் கதவு இல்லை, திரைச்சீலைதான்.

கவுன் மேகலாவுக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது. சுமதிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தனக்கு இருந்ததைவிட ஒரு பங்கு கூடுதலாகவே இருந்தது. ஆனால் மேகலா கண்ணாடி முன்னால் நிமிராமல் நின்றாள். ஒரு கையால் கழுத்தை மேலே இழுத்தாள், இன்னொரு கையால் இடுப்பைக் கீழே இழுத்தாள். இதேபோல் ஒருவன் இழுத்து இழுத்து விட்டதை சுமதி முன்பு பார்த்திருக்கிறாள்.

"நிமிந்து நில்லுங்கக்கா, கீழ மடிச்சு அடிக்கணும், குறிச்சுக்கறேன்" என்று சொல்லி, ஆறு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். மடித்தாள், ஒன்றைக் குத்தினாள். நகர்ந்து, மடித்து, இன்னொன்றைக் குத்தினாள்.

"மூணு நாளாத் தூக்கமே இல்ல சுமதி" என்றாள் மேகலா. "ஒங்க மாமா கோட்டப் போட்டுக்கிட்டு வூட்டுக்குள்ள நடந்து பழவுறாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. சாப்புட எறங்குமான்னு இருக்கு. நீங்களே போயிருக்கலாம். தம்பி ஏன்தான் வேணாம்னுச்சோ."

சுமதி மூன்றாவது ஊசியைக் குத்தினாள். முன்னறையில் பேப்பரைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"எம் பட்டக் கட்டிக்கிட்டுப் போனா கழுத்தப் பிடிச்சா தள்ளப் போறாங்க? நீ படிச்சியே, சேலையப்பத்தி அதுல ஒண்ணுமே போடலியா? இல்ல நீ பாக்காம விட்டுட்டியா? இன்னொருக்க படிச்சுப் பாரேன், போனு அந்தப் பையிலதான் இருக்கு."

நாலாவது ஊசி. ஐந்தாவது. முன்னறையில் பேப்பர் சத்தம் நின்றுபோயிருந்தது. சொன்னால் அந்த வரியை முழுசாகத்தான் சொல்ல வேண்டும். புடவைக்குப் பக்கத்திலேயே வேட்டியும் இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது.

மேகலா கண்ணாடியை விட்டுத் திரும்பிக் குனிந்து பார்த்தாள். கவுனின் மயில்கழுத்து ஓரம் சுமதியின் கையில் மடிந்திருந்தது. ஒரு குத்துக்குத்தான் இடம் பாக்கி. ஆறாவது குண்டூசியை சுமதி உதட்டில் இறுக்கிக் கவ்விக்கொண்டிருந்தாள்.