முறைப்படி அழைக்கப்படாத பிஸ்டன்கள்

நாலு பிஸ்டன்களும் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனி ஊருக்குப் போய்விட்டதால், காரைக்குடி சோலையப்பனின் கார் இரண்டு வருஷமாக நகரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷத்துக் கார் அது. ஆசைப்பட்டு வாங்கி, வீடுவரை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மெக்கானிக் அந்தோணிசாமி எஞ்சினைத் திறந்தால், உள்ளே நாலு வெற்றுத் துளைகளும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமும் இருந்தன. நல்லவேளையாகப் பத்திரத்தில் முகவரிகள் இருந்தன. மூத்தது திருச்சியில் ஒரு நோட்டரி வக்கீலின் மேஜைமேல் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்டது. இரண்டாவது மதுரை டீக்கடை ஒன்றில் இஞ்சி தட்டியது. மூன்றாவது புதுக்கோட்டை லாட்ஜ் ஒன்றில் சிகரெட் சாம்பல் கிண்ணம். கடைக்குட்டி தேவகோட்டைக் காய்கறிக் கடையில் அரைக்கிலோ எடைக்கல்.

"லண்டன்ல புது செட் கிடைக்கும்ணே. ஆனா அந்தக் காசுக்கு நீங்க இன்னொரு காரே வாங்கிரலாம்" என்றார் அந்தோணிசாமி. "வேற வேற வண்டிப் பிஸ்டனைக் கலந்து போட்டா எடை ஒத்துவராது, எஞ்சின் உதறும். ஒரு வயித்துப் பிள்ளைகளா இருக்கணும். நேர்ல போய்த் தட்டு வச்சு அழைச்சிட்டு வந்துருங்க."

சோலையப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தக் காரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கையால் ஓட்டி ஊரைச் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. எதிர்வீட்டு மெய்யப்பன் தினமும் காலையில் "வண்டி எப்ப வெளிய வருது?" என்று கேட்டுக் கேட்டு, அவருக்கு மெய்யப்பனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் மனைவி உமையாளோ முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஆவணி பிறக்கிறதுக்குள்ள இது தானா வாசலைத் தாண்டணும். இல்லைன்னா பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிருவேன்."

வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டோடு சோலையப்பன் பஸ் ஏறினார். இங்கேதான் மனுஷர் கோட்டை விட்டார். திருச்சி போகிற பஸ் புதுக்கோட்டை வழியாகத்தானே போகிறது என்று, போகிற வழியில் இறங்கி மூன்றாவதை முதலில் அழைத்துவிட்டார். அது உடனே சம்மதித்துச் சாம்பலைத் தட்டிவிட்டுக்கொண்டது. ஆனால் திருச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்விட்டிருந்தது. மூத்தது முகம் கொடுத்தே பேசவில்லை.

"தம்பி வீட்டுப் படி ஏறிட்டு அப்புறம்தான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்."

"வழியில இருந்துச்சுன்னுதான்…"

"வழி பஸ்ஸுக்கு. முறை மனுசனுக்கு."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை மூத்ததிடம் முதலில் போனார். அது "பார்க்கலாம்" என்றது. மதுரைக்குப் போனால் இரண்டாவது, "என்னை எந்த இடத்துல உட்கார வைப்பீங்க? அண்ணனுக்குப் பக்கத்துலன்னா வர்றேன், பின்னாலன்னா இங்கயே இஞ்சி தட்டிக்கிறேன்" என்றது. மூன்றாவதுக்கு இப்போது, முதலில் அழைத்துவிட்டுக் கடைசியில் ஒதுக்கிவிட்டதாகக் கோபம். தேவகோட்டைக்குப் போனால் கடைக்குட்டி, பாகம் பிரிக்கும்போது மூன்றாவது தன் இடுப்பில் கிடந்த எண்ணெய் ரிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதாகவும், அது திரும்பி வராமல் தன்னால் ஒரே எஞ்சினில் முகம் பார்த்து நிற்க முடியாது என்றும் சொல்லிவிட்டுத் தராசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தட்டில் இருந்த வாழைப்பழம் கறுத்துப்போனது. சோலையப்பனுக்கு அழுகை வராத குறை.

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது மூன்றாம் முறையாகத் திருச்சிக்குப் போனார்.

"நீங்க எத்தனை தடவை வந்தா என்ன?" என்றது மூத்தது. "ஒத்தையா வந்து நின்னா அதுக்குப் பேரு அழைப்பா? வீட்டம்மா எங்க?"

போச்சுடா என்று அவர் வீட்டுக்கு வந்து உமையாளிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு வேண்டாத இரும்புக்கு நான் போய்த் தட்டு நீட்டணுமா?"

நீட்டினாள். எப்படியாவது அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மூத்ததைப் பார்த்ததும், "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். இரண்டாவதிடம், அண்ணன் பக்கத்தில்தான் இடம் என்று அடித்துச் சொன்னாள். மூன்றாவதிடமிருந்து ரிங்கைப் பேச்சோடு பேச்சாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டுபோய்க் கடைக்குட்டியிடம் கொடுத்தாள். இரண்டே நாளில் நாலும் வந்து சேர்ந்தன. அந்தோணிசாமி எடை போட்டுப் பார்த்து, உள்ளே இறக்கி, எல்லாவற்றையும் முடுக்கினார். ஆடி கடைசி நாள் காலையில் எஞ்சின் ஓடியது. உதறவே இல்லை.

சோலையப்பன் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். எஞ்சின் நின்றது.

"எங்களை நீங்க அழைச்சீங்க, வந்தோம்" என்றது மூத்தது, பானெட்டுக்குள்ளிருந்து. "உங்களை யாரு அழைச்சா?"

சோலையப்பன் யோசித்துப் பார்த்தார். யாரும் அழைக்கவில்லைதான். கூப்பிடாத இடத்துக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை. வயிற்றெரிச்சலோடு கீழே இறங்கினார்.

"ஆச்சி, நீங்க வாங்க" என்றது மூத்தது.

அதுவரை சைக்கிள்கூட ஓட்டியிராத உமையாள் ஏறி, கியரைப் போட்டு, வாசலைத் தாண்டி ஊரைச் சுற்றிவிட்டு வந்தாள். இறங்கும்போது, "உங்களை நாளைக்கு முறையா வந்து அழைக்கிறாங்களாம்" என்றாள்.

மறுநாள் விடியலிலேயே சோலையப்பன் குளித்து, அதே வேட்டியைக் கட்டி, ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எட்டு மணிக்கு நாலு பிஸ்டன்களும் துடைத்த உடம்போடு தட்டு ஏந்தித் தெருவில் வந்தன. நேராக எதிர்வீட்டுக்குள் நுழைந்தன. மெய்யப்பன் தன்னைவிட நாலு மாசம் இளையவன் என்பது சோலையப்பனுக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுந்து போய்க் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"சோலையப்பன் ஊர்ல இல்லை" என்றார் சோலையப்பன்.

"எப்ப வருவாரு?" என்றது மூத்தது.

"தை மாசம் ஆகும்."

கொஞ்ச நேரம் கழித்துத் தெருவில் கார் கிளம்பியது. மெய்யப்பனின் சிரிப்புச் சத்தமும் கேட்டது.

மதியம் உமையாள் ஒரே ஒரு இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். நடுவில் அவள் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அவுக ஊர்ல இல்ல ஆத்தா. தைக்குத்தான் வருவாக" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

ரசம் வாசனையாக இருந்தது. தை பிறக்க இன்னும் ஐந்து மாசம் இருந்தது.