சிமெண்டுத் தரையில் இறங்கிய ஜீப்

1992ஆம் வருடம் ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பின்புறச் சந்தில் பழைய வண்டிகள் வாங்கி விற்கும் கோதண்டபாணி, தன் ஷெட்டில் நின்ற ஜீப்புக்கு அறுபத்தைந்தாயிரம் என்று விலை சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் அதன் நான்கு சக்கரங்களும் சிமெண்டுத் தரைக்குள் இரண்டு விரற்கடை இறங்கின. தரையில் விரிசல் இல்லை, சத்தமும் இல்லை. வாங்க வந்த கல்யாணராமனுக்குக் குடகில் காப்பித் தோட்டம் இருந்தது. மழைக்காலத்துச் சேற்றில் ஏற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தேடிக்கொண்டிருந்தார். அவர் குனிந்து பார்த்து, "என்னய்யா, வண்டி முங்கிண்டே போறதே? முங்கின டயருக்கு வெலையில கழிச்சுக்கணுமோல்லியோ?" என்றார். கோதண்டபாணி அறுபது என்றார். இன்னும் ஒரு விரற்கடை போயிற்று. கல்யாணராமன் குடையை எடுத்துக்கொண்டு தியாகராய நகர்ப் பக்கம் வேறு வண்டி பார்க்கப் போனார்.

எதிர் டீக்கடை நிழலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தேவானைக்கு வயிறு குளிர்ந்தது. அடையாற்றின் முகத்துவாரத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள் அவள். அந்த ஜீப் அவள் புருஷன் அம்மாசியுடையது. ராணுவத்து ஏலத்தில் எடுத்த வண்டி. மற்ற வண்டிகள் புதைந்து நிற்கிற கடற்கரை மணலில் அது மட்டும் படகுகளைக் கட்டி இழுத்துக் கரையேற்றும். பதினோரு வருடம் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் உலை வைத்தாள். அம்மாசி காய்ச்சலில் போன மூன்றாம் மாதம் கோதண்டபாணி குப்பத்துக்கு வந்தார். பானெட்டைத் திறந்தவர், அவள் தண்ணீர் கொண்டுவரப் போன நேரம் பார்த்து ஒரு பிளக் ஒயரை மெல்லக் கழற்றிவிட்டார். எஞ்சின் நோயாளி மாதிரி இருமியது. "காயலாங்கடைக்குத்தாம்மா போவும் இது. உன் மூஞ்சிக்காகப் பதினாலு தரேன்" என்றார். நாற்பதாயிரம் பெறும் வண்டி. அவள் வாங்கிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பிச் சற்று நின்றது. பிறகு அங்கிருந்து அம்மாசியின் எஞ்சின் சத்தம் சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் கேட்டது. தேவானை தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அது தேயும்வரை கேட்டாள்.

மறுநாள் விடியற்காலை முந்தானையில் கடல் மணலை முடிந்துகொண்டு நடந்தே மயிலாப்பூருக்கு வந்தாள். ஷெட்டின் வாசலில் நின்று, மணலை இரு கையாலும் வாரித் தூற்றினாள். "நாயமான வெல இன்னான்னு இந்த வண்டிக்குத் தெரியும். அந்த வெலயச் சொல்ற வரைக்கும் இது உன்ன வுட்டுப் போவாது. உன் பொயப்பு மண்ணோட மண்ணாப் போவட்டும்" என்றாள். கோதண்டபாணி பல் குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே போனார். அம்மாசியின் சாவுக்கு வராத கண்ணீர் அன்று அவளுக்கு வந்தது. அந்தப் பதினாலாயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட அவள் செலவு செய்யவில்லை. அம்மாசியின் வேட்டியில் முடிந்து தகரப் பெட்டியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் மயிலாப்பூர்ப் பக்கம் மீன் விலைபோகாது. ஆகவே அன்று கூடையைக் கவிழ்த்துவிட்டு முண்டகக்கண்ணி அம்மனைக் கும்பிட வருவாள். "இன்னும் கொஞ்சம் எறக்கும்மா" என்று வேண்டிக்கொண்டு நேரே சந்துக்கு வருவாள். அம்மன் எல்லா வேண்டுதலையும் காது கொடுத்துக் கேட்கிறாள், இதையும் கேட்டாள். அடுத்த வருடம் கோதண்டபாணி ஐம்பத்தைந்து என்று சொன்னதும் டயர் முழுதும் போயிற்று. அதற்கடுத்த வருடம், சந்தை விலை இதுதான் என்று ஊரெல்லாம் ஒப்புக்கொண்ட நாற்பதைச் சொல்லிப் பார்த்தார். வண்டி அதற்கும் இறங்கியது. துறைமுகத்திலிருந்து கிரேன் வந்தது, சங்கிலி அறுந்தது. நாலு சக்கர கியரைப் போட்டு முடுக்கினால் சக்கரங்கள் தரைக்கடியில் சுற்றி, சந்து முழுக்க உப்புக்காற்று வீசியது. ஊருக்குச் சென்னை என்று பெயர் மாறிய வருடம் மட்கார்டு மறைந்தது. அதற்குள் ஷெட்டிலிருந்த மற்ற வண்டிகள் கடனை அடைக்கப் போயிருந்தன. விலை சொன்னால் வண்டி முங்குகிற ஷெட்டுக்கு யார் வருவார்கள்?

ஒன்றை மட்டும் தேவானை எதிர்பார்த்திருக்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே கோதண்டபாணியின் மனைவி சூடாமணி ஷெட்டை ஒட்டிய வீட்டிலிருந்து சந்தின் குறுக்கே வந்து, "வெயில்ல நிக்கிறியேம்மா, இந்தா" என்று வெள்ளித் தம்ளரில் மோர் கொடுத்தாள். பெருங்காயம் மணக்கும் கெட்டி மோர். ஆள் யாரென்று தெரியாமல் கொடுக்கிறாள் என்று உள்ளுக்குள் சிரித்தபடி தேவானை குடித்தாள். அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. மூன்றாம் வருடம் வெள்ளித் தம்ளர் எவர்சில்வராயிற்று. நான்காம் வருடம் சூடாமணியின் காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. வண்டி இறங்க இறங்க மோர் நீர்த்துக்கொண்டே வந்தது. நிற்கவில்லை.

1997 சித்திரையில் வண்டி ஸ்டீயரிங் வரை இறங்கியிருந்தபோது, தேவானை வேட்டி முடிச்சை எடுத்துக்கொண்டு வாங்குகிறவளாகவே ஷெட்டுக்குள் நுழைந்தாள். அவரை அவர் வார்த்தையாலேயே அடித்துவிட்டு, முடிச்சை முகத்தில் வீசிவிட்டு வருவதாகத்தான் திட்டம். "இன்னா நைனா, காயலாங்கடைச் சாமான் ஒண்ணு கீதாமே. வெல பேசலாமா?"

கோதண்டபாணி அவளை அடையாளம் கண்டார். தோள்துண்டை எடுத்து இருவர் கைமேலும் போர்த்தினார். அவர் அப்பா மாட்டுத் தரகர். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற வழக்கத்தை மகன் வண்டித் தொழிலுக்கும் கொண்டுவந்திருந்தார். ஒரு விரல் ஆயிரம், முழுக்கை ஐயாயிரம். தேவானை அவருடைய சுண்டுவிரலில் பாதியைப் பிடித்தாள். ஐந்நூறு. பிடித்த மாத்திரத்தில் ஜீப் ஒரு சாண் இறங்கியது. ஸ்டீயரிங்கின் மேல் வளைவு மட்டும் தரையில் கிடந்தது.

அவள் விரலை விட்டாள். சாபம் தன் பக்கம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். இன்னொரு பொய் விலை போதும், அம்மாசி கை வைத்த கடைசி இடமும் போய்விடும்.

அப்போது சூடாமணி மோருடன் வந்தாள். அன்று பிளாஸ்டிக் தம்ளர், மோரில் தம்ளரின் அடி தெரிந்தது. தேவானை கையை நீட்டவில்லை. "நான் ஆருன்னு தெரிஞ்சா இத்தக் குடுப்பியா நீ?"

"மண்ணு தூத்துன அன்னிக்கே ஜன்னல்ல பார்த்தேன்மா. தாகத்துக்கு ஆருன்னு இன்னாத்துக்கு? குடி."

தேவானை குடித்தாள். ஐந்து வருடத்துக்கு முன் தான் தூற்றிய மண் யார் வீட்டு மோர்ப்பானையில் விழுந்தது என்று அவளுக்கு அந்த ஒரு மடக்கில் புரிந்தது. துண்டுக்கடியில் கோதண்டபாணியின் முழுக்கையை இரண்டு முறை பிடித்தாள், பிறகு நான்கு விரல். பதினாலு. அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. ஸ்டீயரிங் ஒரு முழம் எழும்பியது.

முப்பது வருடத் தொழிலில் தன் சரக்கின் விலையைத் தானாகக் குறைத்தறியாத கோதண்டபாணி, அவளுடைய இரண்டு விரல்களை மடக்கிவிட்டார். பன்னிரண்டு. துருவுக்கும் ஐந்து வருட வாடகைக்கும் கழித்தது. மட்கார்டு தெரிந்தது. "ஏமாத்தறியா நைனா?" என்று தேவானை ஒரு விரலை நிமிர்த்தினாள். அவர் மடக்கினார். அவள் நிமிர்த்தினாள். விற்கிறவர் குறைக்க, வாங்குகிறவள் ஏற்ற, அப்படியொரு பேரம் அந்தச் சந்தில் நடந்ததில்லை. கடைசியில் பதிமூன்றில் நின்றது. "அந்த பிளக் ஒயரு..." என்று கோதண்டபாணி ஆரம்பித்தார். "தெரியும். சத்தத்துலயே தெரியும்" என்றாள் அவள். ஜீப் தரைக்கு மேல் வந்து நின்றது.

முழுதும் வரவில்லை. பின்பக்கத்து இடது சக்கரம் பாதி உள்ளேயே இருந்தது. இருவரும் விலையை மறுபடி சொல்லிப் பார்த்தார்கள், அசையவில்லை. தேவானை தன் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் அவ்வளவு பாக்கி இருந்தது. மெக்கானிக் அப்துல் கரீம் வந்து நட்டுகளைக் கழற்றி, அந்தச் சக்கரத்தை இருந்த இடத்திலேயே விட்டு, ஸ்டெப்னியை மாட்டினார். வண்டி ஒரு பிசிறில்லாமல் கிளம்பியது; மறுநாள் காலை குப்பத்தில் படகு இழுத்தது.

அதன்பிறகு கோதண்டபாணி விலை சொல்லுமுன் அந்தச் சக்கரத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். வியாபாரம் மெல்லத் திரும்பியது. சூடாமணி வெள்ளிக்கிழமைதோறும் அதைச் சுற்றிக் கோலம் போட்டாள். தேவானையும் வந்தாள், மோர் மறுபடி கெட்டியாயிற்று. "இன்னும் எவ்ளோ நாளும்மா இது கெடக்கும்?" என்று ஒரு நாள் கோதண்டபாணி கேட்டார். சக்கரத்தின் மேல் குந்தியிருந்த தேவானை மோரை முடித்துவிட்டு, "கெடக்கட்டும் நைனா. எனக்கு இங்க வர்றதுக்கு ஒரு வேல வேணுமில்ல" என்றாள்.

அந்தச் சக்கரத்துக்கு யாரும் காற்று அடிப்பதில்லை. குறையவும் இல்லை.