மணிக்கு நூற்றுப்பத்து

பாலோ ஊரில் தோமஸின் மோட்டார் சைக்கிளைத் தெரியாதவர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அதன் சத்தத்தைக் கேட்டு, வேண்டாம் சாமி என்று வந்த வழியே திரும்பியிருப்பார். இருபத்தெட்டு வயதான கப்சாய் என்ற சின்ன ரக மோட்டார் அது. இங்கே அதை மிதித்துக் கிளப்பினால் அடுத்த ஊரான லாபிஸில் கட்டிப்போட்ட ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்று ஊரில் சொல்வார்கள். ஊரில் என்ன, தோமஸேதான் சொல்வார். ஆனால் சத்தம்தான் அப்படி. வேகத்தைப் பார்த்தால், பின்னால் வரும் பட்டாம்பூச்சி பொறுமையிழந்து முந்திக்கொண்டு போகும்.

முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. அவர் வாய்க்குள் கடுகாகப் போவது வெளியே வரும்போது பூசணிக்காயாக இருக்கும். தபால் கொடுக்கப் போன இடத்தில் நாய் துரத்தியதைச் சொல்ல ஆரம்பித்தார் என்றால், முதல் வருடம் அது நாய், மூன்றாம் வருடம் கரடி, ஓய்வு பெறும்போது குட்டியோடு வந்த புலி. கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டே ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள். அதனால் யாருக்கும் நட்டமில்லை. போன ஆகஸ்டு மாதம் வரைக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். செம்பனைத் தோட்டத்துக் கிளைப்பாதையிலிருந்து ஒரு பிக்அப் வண்டி, குலைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, வலமும் பார்க்காமல் இடமும் பார்க்காமல் பெரிய சாலைக்குள் பாய்ந்தது. தோமஸ் ஒரு பக்கம் விழுந்தார், கப்சாய் ஒரு பக்கம் விழுந்தது. இடது முழங்கால் எத்தனை துண்டாயிற்று என்று டாக்டர் சொன்னார். தோமஸ் அதையும் இரண்டால் பெருக்கிக்கொண்டார்.

நான்காம் நாள், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் போலிஸ் கவுண்டருக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கான்ஸ்டபிள் மோட்டார் பித்துப் பிடித்தவன். அவனுடைய ஹெல்மெட் முழுக்கப் பந்தய ஸ்டிக்கர்கள். கப்சாயின் வயதைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாக்சிக், அது ஓடுமா? இல்ல, தள்ளிக்கிட்டே போவீங்களா?" என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்டான்.

நான்கு நாளாக, மூத்திரம் போனதா என்று கேட்கும் தாதியைத் தவிர வேறு யாரும் தோமஸிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒருவன் கேட்கிறான். அதுவும் வேகத்தைப் பற்றிக் கேட்கிறான்.

"நூத்திப்பத்து!" என்றார் தோமஸ்.

"அலமாக்! ஏன் அவ்வளவு அவசரம்?"

"மக சிங்கப்பூர்லருந்து வந்திருக்கா. ஆட்டுக்கறி ஆக்கி வச்சு, எட்டுப் பேரு சாப்பிடாம எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க."

அரைமணி நேரம் பேச்சு நீண்டது. ஆட்டுக்கறியில் என்ன மசாலா என்பது வரைக்கும் வந்தது. கான்ஸ்டபிள் அத்தனையும் தட்டெழுதி நீட்ட, தோமஸ் ரசிகனுக்குக் கையெழுத்துப் போடும் நட்சத்திரம் மாதிரி கீழே வளைத்து வளைத்துப் போட்டார். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட ஏன் வார்டுப் பக்கம் வரவில்லை என்று மட்டும் கான்ஸ்டபிள் கேட்கவில்லை.

அன்று சாயந்திரம் மகள் அமண்டா சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டாள். அவள் ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது.

"ஏம்ப்பா, நாலு நாளா போன் எடுக்கல?"

"கீழ விழுந்துட்டேன்மா. சின்னச் சிராய்ப்பு. மருந்து போட்டாச்சு."

"பாத்துப் போங்கப்பா. சரி, எனக்கு மீட்டிங் இருக்கு."

பிறந்ததிலிருந்து தோமஸ் ஒன்றைச் சிறிதாக்கிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்தபின் பத்து மாதம் ஓடியது. ஓடியது என்பது பேச்சுக்குத்தான், உண்மையில் அது நொண்டியது. இடது கால் மடங்கவில்லை. கால் மடங்காவிட்டால் கியர் மாற்ற முடியாது. கியர் மாற்ற முடியாவிட்டால் கப்சாய் வெறும் இரும்பு. அது போர்ச்சில் நின்றது, இவர் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேவாலயத்திலிருந்து மாதம் ஒரு முறை நற்கருணை கொண்டு வருபவர் செருப்பைக் கழற்றாமலே ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். தொலைக்காட்சிக் காலைச் செய்தியில் வணக்கம் சொல்லும் பெண்ணுக்குத் தோமஸ் பதில் வணக்கம் சொல்லத் தொடங்கினார். பிறகு அவளிடம் விபத்துக் கதையையும் சொன்னார். அவளுக்காக அந்த பிக்அப், பதினாறு சக்கர லோரி ஆயிற்று.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூன்று சக்கர மோட்டார். காலால் கியர் மாற்ற வேண்டாத, சாய்ந்து விழாத மோட்டார். பென்ஷனில் அதை வாங்க முடியாது. பிக்அப்பின் இன்சூரன்ஸ் நட்டஈடு கொடுத்தால் முடியும்.

வார்டில் கிடந்தபோது தலைமாட்டில் ஆரஞ்சுப் பழங்களைவிட வக்கீல் ஏஜெண்டுகளின் கார்டுகள்தான் அதிகம் குவிந்திருந்தன. ஒருவன் மயக்கம் தெளிவதற்கு முன்பே கார்டை அவர் விரலிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தான். தோமஸ் அவர்கள் யாரிடமும் போகவில்லை. பாலோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கபீரின் மகள் ஃபரீஹா, பக்கத்துப் பட்டணமான குளுவாங்கில் வக்கீலாக இருந்தாள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததே தோமஸ்தான். அந்த ஒரு கடிதத்துக்காக அவர் கபீர் கடையில் இரண்டு வருடம் இலவசத் தேத்தண்ணி குடித்திருக்கிறார்.

ஃபரீஹா போலிஸ் ரிப்போர்ட்டைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"அங்கிள், இது என்ன நூத்திப்பத்து?"

"ஏறக்குறைய."

"உங்க மோட்டார வொர்க்ஷாப் செல்வா பாத்தாரு. மலை உச்சியிலருந்து தள்ளிவிட்டாக்கூட நாப்பதத் தாண்டாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"செல்வா பொறாமைக்காரன்லா."

"விளையாடாதீங்க அங்கிள். ரோடு காலியா இருந்துச்சு, நீங்கதான் ராக்கெட் மாதிரி வந்து மோதுனீங்கன்னு பிக்அப்காரரு சொல்றாரு. இங்க பாருங்க, உங்க கையெழுத்துலயே அவருக்குச் சாட்சி எழுதிக் குடுத்திருக்கீங்க. இது நின்னுச்சுன்னா தப்பு பூரா உங்க தலையிலதான். மூணு சக்கரத்துல ஒரு சக்கரம்கூடக் கிடைக்காது."

தோமஸ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சரி, அன்னைக்கு அமண்டா அக்கா உங்க வீட்டுலதானே இருந்தாங்க? அவங்களச் சாட்சிக்குக் கூப்பிடலாம்."

"அவ பிஸிலா."

"அந்த எட்டுப் பேருல யாராவது?"

தோமஸ் வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாய் வெறுமனே திறந்து மூடியதை ஃபரீஹா அன்றுதான் பார்த்தாள்.

"அங்கிள்," என்றாள் மெதுவாக. "எங்க போனீங்க?"

அப்புறம்தான் அது வெளியே வந்தது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, ஞாயிறு தவிர்த்துத் தினமும், அவர் தன் பழைய தபால் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். பையில்லை, கடிதமில்லை. ஒன்பதரைக்குக் கிளம்பி, சாலையின் இடது ஓரமாக இருபத்தைந்தில் ஊர்ந்து, ஒவ்வொரு கிளைப்பாதை முனையிலும் வேகத்தைக் குறைத்து, தபால் வந்தால் அடிப்பது போல இரண்டு ஹோர்ன் அடித்துவிட்டு, யாராவது வெளியே வந்துவிடுவார்களோ என்று பயந்து உடனே நகர்ந்துவிடுவார். அப்படி ஒரு முனையில் ஹோர்ன் அடித்த நொடியில்தான் பிக்அப் வந்தது.

"இத அப்படியே கோர்ட்டுல சொல்லணும் அங்கிள்."

"ஐயோ, அது எப்படி? கோர்ட்டுல சொன்னா பாலோ பூரா தெரிஞ்சிடும்." பிறகு குரலைத் தாழ்த்திப் பேரம் பேசினார். "தொண்ணூறுன்னு சொல்லவா?"

"இருபத்தஞ்சு."

"எட்டுப் பேர நாலாக்கிக்கலாம்."

"ஒருத்தரும் கிடையாது."

"ஆட்டுக்கறி வேணாம், கோழிக்கறியாவது இருக்கட்டுமே?"

ஃபரீஹாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சரி என்று தலையை ஆட்டவில்லை.

வழக்கு நாளில் தோமஸ் வெள்ளைச் சட்டை போட்டு, ஊன்றுகோலோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். நீதிமன்றத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லாரும் தங்கள் தங்கள் வழக்குக்காகக் காத்திருந்தவர்கள். பிக்அப்பின் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் ஜெயபாலன், காற்று வீசினாலும் அசையாத தலைமுடிக்காரர். எழுந்து போலிஸ் ரிப்போர்ட்டை வரிவிடாமல் படித்தார். ஆட்டுக்கறி மசாலா வந்தபோது பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அதற்குப் பிறகு அவர் மலாயில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகம். நீங்கள் சொன்னதுதானே?"

தோமஸ் எல்லாரையும் பார்த்தார். இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! நூற்றுப்பத்து என்ன, நூற்று முப்பது என்றாலும் இந்தக் கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது நின்று நின்று அந்த மடங்காத முழங்கால் விண்ணென்று ஒரு குத்துக் குத்தியது.

"சொன்னேங்க. ஆனா போனது இருபத்தஞ்சு."

"மகள் சமைத்து வைத்துக் காத்திருந்தாரே?"

"மக வந்து அப்பவே நாலு வருஷமாச்சு. அவளுக்கு என் கால் உடைஞ்சதே தெரியாது."

"சொல்லவில்லையா?"

"சொன்னா மக வந்திடுவாங்க. அது காலப் பாக்க வர்றதுதானே, என்னப் பாக்க இல்லையே."

மொழிபெயர்ப்பாளர் இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அப்படியென்றால் அன்று எங்கேதான் போய்க்கொண்டிருந்தீர்கள்?"

"எங்கயும் இல்லீங்க."

சுற்று, ஹோர்ன், பையும் கடிதமும் இல்லாத பயணம் என்று மீதியையும் சொல்லி முடித்தார். ஜெயபாலன் கடைசி ஆணியை அடித்தார்.

"அன்று போலிஸிடம் பொய் சொன்னவர், இன்றைக்கு மட்டும் உண்மை சொல்கிறீர்கள் என்று எப்படி நம்புவது?"

தோமஸ் யோசித்தார். "பெருமைக்குப் பொய் சொல்லுவேங்க. இதுல என்னங்க பெருமை இருக்கு?"

நீதிபதி அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த சாட்சியை ஃபரீஹா தேடிப் பிடித்திருந்தாள். விபத்து நடந்த பாதை முனையில் முதல் வீட்டில் தனியாகக் குடியிருக்கும் புஷ்பவள்ளி. அறுபதைத் தாண்டியவர், கையில் நீளக் குடை. தோமஸ் அவருக்கு முன்பு எப்போதோ ஒரு பதிவுத்தபால் கொடுத்திருக்கலாம், முகம் ஞாபகமில்லை.

"அந்த மோட்டார் சத்தம் தூரத்துல கேட்டதும் தேங்கா துருவ உக்காருவேங்க," என்றார் புஷ்பவள்ளி. "அது எங்க முனைக்கு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு மூடியும் துருவி முடிச்சிடுவேன். அம்புட்டு மெதுவா வரும். அன்னைக்கும் அப்படித்தான். ரெண்டு ஹோர்ன் அடிச்சாரு. அப்புறந்தான் மடார்னு சத்தம்."

"உங்களுக்கு அன்று கடிதம் ஏதாவது வரவேண்டியிருந்ததா?" என்றார் ஜெயபாலன்.

"எனக்கு யாருங்க கடுதாசி போடுவா?"

"அவர் ஓய்வு பெற்றவர் என்பது தெரியுமா?"

"ஏழு வருசமாத் தெரியும்."

"பிறகு ஏன் தினமும் அந்த ஹோர்னைக் கவனித்தீர்கள்?"

புஷ்பவள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேற யாருங்க எங்க வீட்டுக்கு ஹோர்ன் அடிக்கிறா?"

சாப்பாட்டு இடைவேளையில் ஜெயபாலன் யாருக்கோ போன் போட்டார். பிறகு நடைபாதையில் ஃபரீஹாவோடு தலையை ஒட்டி வைத்துப் பேசினார். இரண்டு மணிக்குள் சமரசம் ஆயிற்று. தப்பு பிக்அப்பினுடையது. கிடைக்கும் நட்டஈடு மருத்துவச் செலவுக்கும் மூன்று சக்கரத்துக்கும் போதும்.

நடைபாதை பெஞ்சின் மறுகோடியில் புஷ்பவள்ளி குடையை மடியில் வைத்து பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தோமஸ் ஊன்றுகோலை ஊன்றிப் பக்கத்தில் போனார்.

"ஒரு நாள்கூட வெளிய வந்து பாத்ததில்லையே நீங்க," என்றார்.

"கடுதாசி இல்லாம வந்து நிக்கிறவர நான் எதுக்கு வந்து பாக்கணும்? உங்களுக்குத்தான் சங்கடம்."

பஸ் வந்தது. புஷ்பவள்ளி ஏறிப் போய்விட்டார்.

மூன்று சக்கர மோட்டார் வந்ததும் தோமஸ் அதை நேராகக் கபீர் கடை வாசலுக்கு ஓட்டிப்போய் நிறுத்தினார். நீதிபதி கண்ணீர் விட்டதையும், ஜெயபாலன் மயங்கி விழ, அவர் முகத்தில் தண்ணீர் தெளித்ததையும், ஐந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டியதையும் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். 'எங்கயும் இல்லீங்க' என்ற இடத்தை மட்டும் கதையில் சேர்க்கவில்லை. அதைப் பெரிதாக்கவும் வழியில்லை, சிறிதாக்கவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமண்டா கூப்பிட்டாள்.

"புது மோட்டாராப்பா? இந்த வயசுல எதுக்கு?"

"சும்மாத்தான்மா. மூணு சக்கரம். ஸ்டைலா இருக்குலா."

"சிராய்ப்பெல்லாம் ஆறிடுச்சா?"

"எப்பவோ."

மறுநாள் ஒன்பதரைக்குக் கிளம்பினார். புது மோட்டாருக்குச் சத்தமே இல்லை. தூரத்தில் வருவது யாருக்கும் கேட்காதே என்று அவருக்கு அது ஒன்றுதான் குறை. பத்தேகாலுக்குச் செம்பனைப் பாதை முனையில் நிறுத்தி, இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார்.

மோட்டார் சத்தம் இல்லாமலே முதல் வீட்டுக்குள் தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

தோமஸ் இம்முறை உடனே நகரவில்லை. கதவு திறக்கவில்லை. அவரும் இறங்கவில்லை. செம்பனை ஓலைகள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே துருவல் மறுபடி ஆரம்பித்தது. அவர் பிரேக்கை விட்டு, இடது ஓரமாக, மணிக்கு இருபத்தைந்தில் அடுத்த முனைக்குப் போனார்.