கீழே விரிக்கிற பாய்

"அண்ணி, குளிர் ஒண்ணும் விளையாட்டு இல்ல. நீங்க வீட்டுல இருங்க" என்றான் கொழுந்தன், மலையேற்றச் சாமான் கடையில், கடைக்காரர் முன்னாலேயே. குளிர்காலத்தில் மலையேறிக் கூடாரம் போட்டுத் தங்குவது வருடா வருடம் அண்ணனும் தம்பியும் மட்டும்தான். இந்த வருடம் நானும் வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவளைக் கட்டியவர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார்.

பதினோரு வருடமாக மீன் கிடங்கின் உறைகுளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவளுக்குக் குளிரைப் பற்றிப் பாடம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொழுந்தன் இருப்பதிலேயே தடித்த ஸ்லீப்பிங் பேக்கை, உள்ளே நுழைந்து படுக்கும் பையை, அள்ளிக்கொண்டான். கீழே விரிக்கப் பேருக்கு ஒரு மெல்லிய பாய். அவளோ சுமாரான பையும் கட்டைவிரல் தடிமனில் இரண்டு ஃபோம் பாய்களும் எடுத்தாள்.

"பாயை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சிரித்தான்.

"தரையிலேர்ந்து ஏறுற குளிர்தான் ஆளைத் தின்னும், தம்பி. எவ்வளவு தடிச்ச பையா இருந்தாலும் முதுகுக்குக் கீழ அமுங்கிடும்."

"அப்படின்னு யார் சொன்னா?"

"நாளைக்கு மத்தியானம் எங்க கிடங்குக்கு வாங்க. குளிர் அறையில அவங்கவங்க பாயில ஒரு மணி நேரம் படுப்போம். நான் முதல்ல எழுந்தா மலைங்கிற பேச்சையே இனி எடுக்க மாட்டேன்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கிடங்கு மேற்பார்வையாளர் குளிர் அறைக் கதவருகே கடிகாரத்தோடு நின்றார். கட்டியவரும் வந்திருந்தார். வேலையில் வியர்த்த காலுறையைக் கழற்றி, காய்ந்த கம்பளிக் காலுறை மாட்டி, காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் படுத்தாள். பைக்குக் கீழே இரண்டு பாயையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருந்தாள்.

கொழுந்தன் கொஞ்ச நேரம் ஜம்பமாகப் பேசினான். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டான். பல் தந்தியடித்தது. இருபத்தைந்தாவது நிமிடம் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"போதும்மா, ஜெயிச்சாச்சு. எழுந்திரு" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒரு மணி நேரம்னு சொன்னேன் சார்."

கண்ணை மூடிக்கொண்டாள். முழுதாக ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்து பாய்களைச் சுருட்டினாள்.

வெளியே கொழுந்தன் சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "சரி அண்ணி, உங்களையும் கூட்டிட்டுப் போறோம்" என்றான், பெரிய மனசு பண்ணி.

"கூட்டிட்டெல்லாம் போக வேணாம். நான் போறேன். வர்றதா இருந்தா நீங்க வேற பாய் வாங்கிட்டு வாங்க."

கட்டியவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "எனக்கும் ஒண்ணு வாங்கிடுடா."