ஒன்றாம் வகுப்பு ஒட்டகச்சிவிங்கி

எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு அறையில் ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதன் தலை கூரையின் உத்தரத்தை முட்டிக்கொண்டிருக்கும். பார்வையிட வருகிற அதிகாரிகள் எல்லோரும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கழுத்து இல்லையென்றால் அவர்கள் தலைக்கு மேல் கூரை இருக்காது என்பது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். பெரிய டீச்சர், ஒன்றாம் வகுப்பு எடுக்கும் சின்ன டீச்சர், வாட்ச்மேனாகிய நான்.

விஷயம் இதுதான். உத்தரம் நடுவில் விரிசல் விட்டிருந்தது. முதலில் அந்த விரிசலில் ஒரு பல்லி தனியாகக் குடியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அது கல்யாணம் முடித்து, மாமனார் மாமியாரையும் கூட்டி வந்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு வீடு விசாலமாகிவிட்டது. பூச்சு உதிர ஆரம்பித்தது. ஆனாலும் மரியாதை தெரிந்த கூரை. பிள்ளைகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் உதிரும். திங்கட்கிழமை காலையில் நான் கூட்டி அள்ளிவிடுவேன். அள்ளும்போது மேலே பார்க்க மாட்டேன். பார்த்தால் அதற்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கத்தில் இரண்டு வகைப் பணம் உண்டு. பழுது பார்க்கப் பராமரிப்பு நிதி, புதுசாக ஏதாவது வாங்க மேம்பாட்டு நிதி. பழுது என்று எழுதினால் முதல் வேலையாகக் கட்டடத்தைப் பூட்டி சீல் வைப்பார்கள். பணம் ஆற அமர வரும். பக்கத்துப் பள்ளியை அப்படிப் பூட்டினார்கள். அங்கே ஒன்றாம் வகுப்பில் இருந்த பையன்களுக்கு மீசை முளைத்துவிட்டது, பூட்டு இன்னும் புதுசாகவே தொங்குகிறது. எங்களுடையதையும் பூட்டினால் பிள்ளைகள் லாரிகள் பறக்கிற பெரிய சாலையைத் தாண்டிப் போகவேண்டும். அதனால் பெரிய டீச்சர் ஒவ்வொரு வருடமும் ‘கட்டடம் நன்று’ என்று எழுதி அனுப்புவார். அனுப்பிய அன்று அவருக்குச் சோறு இறங்காது.

உத்தரத்துக்கு அடியில் ஒரு மர முட்டு கொடுத்து, அதன் காலில் ஆப்பு அடித்து நிறுத்தினோம். முட்டு என்று தெரியாமலிருக்கச் சின்ன டீச்சர் அதற்கு மஞ்சள் அடித்து, புள்ளி வைத்து, அட்டையில் காது வெட்டி ஒட்டினார். வால் மட்டும் என் யோசனை.

பிள்ளைகளுக்கு அது நிஜமான பிராணி. காலையில் ஆளுக்கொரு இலை கொண்டுவந்து அதன் காலடியில் வைப்பார்கள். மதியம் பாட்டிலில் மிச்சமிருக்கிற தண்ணீரை அங்கேயே ஊற்றுவார்கள். என் பேத்தியும் அந்த வகுப்புதான். “தாத்தா, இன்னிக்கு அது நெறைய குடிச்சுது” என்று வீட்டில் வந்து சொல்வாள். வாயில்லா ஜீவனிடம் எவ்வளவு பாசம் என்று நாங்கள் மூன்று பேரும் மெச்சிக்கொண்டோம். வருடக்கணக்காகத் தண்ணீர் குடிக்கிற மரத்தின் கால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கட்டடம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அரசாங்கம் எங்களுக்கு மேம்பாட்டு நிதி ஒதுக்கியது. ஒரு தொடுதிரைப் பலகை. ஒரு புதன்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் வேன் வந்து நின்றது. இன்ஜினியர், தச்சர், டிரைவர், அப்புறம் பலகை இருக்கிற கட்டில் அளவு மரப்பெட்டி.

பலகையை மாட்ட ஜன்னல் இல்லாத சுவர் அந்த அறையில் ஒன்றுதான். அதற்கு முன்னால் ஒட்டகச்சிவிங்கி நின்றது.

“இதை எடுத்துரலாம்” என்றார் இன்ஜினியர்.

“சார், அது ரொம்ப ராசியான பிராணி” என்றேன்.

“எனக்குத் தெரியாதா பெரியவரே, போன வருஷம் நானே கட்டிப்புடிச்சு போட்டோ எடுத்திருக்கேன். வேற செவத்துல புதுசா வரைஞ்சுக்கலாம்.”

சின்ன டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பெரிய டீச்சரைக் கூப்பிட ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்தபோது தச்சர் ஆப்பின்மேல் ஒரு தட்டு தட்டியிருந்தார்.

மரத்தில் சுத்தியல் பட்ட சத்தமே கேட்கவில்லை. ‘சொத்’ என்று, ஈரத் துணியை அறைந்ததுபோல ஏதோ கேட்டது. சுத்தியல் முட்டின் காலுக்குள் புதைந்து நின்றது. அந்த இடத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. அதற்கப்புறம் மேலே, யாரோ நாற்காலியை இழுப்பதுபோல நீளமாக ஒரு சத்தம். எங்கள் பள்ளிக்கு மாடி கிடையாது.

பல்லிகள் எல்லாம் வரிசையாகச் சுவரில் இறங்கி ஜன்னல் வழியாக வெளியே போயின. மாமியார்ப் பல்லி கடைசியாகப் போனது.

“சார்,” தச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இது சும்மா நிக்கிற மரம் இல்ல. தாங்குது. என் கையை எடுத்தா வழுக்கிரும்.”

இன்ஜினியர் மேலே பார்த்தார். அப்புறம் ஒட்டகச்சிவிங்கியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை படத்துக்காக இல்லை.

“யாரும் ஓடக்கூடாது” என்றார் பெரிய டீச்சர். அவர் உதடு மட்டும்தான் அசைந்தது. தரை அதிர்ந்தால் போயிற்று என்று எல்லோருக்கும் புரிந்தது.

சின்ன டீச்சர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. முகத்தில் ரத்தமே இல்லை, சிரிப்பு மட்டும் இருந்தது. “கண்ணுங்களா, ஒட்டகச்சிவிங்கிக்குத் தூக்கம் வருது. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, பூனை மாதிரி, சத்தமில்லாம வெளியே போவோமா?”

“எங்க பை, டீச்சர்?”

“பையும் தூங்கட்டும்.”

நுனிக்காலில் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்தது. ஒரு பிள்ளைக்குத் தும்மல் வந்தது. நான் வாசலில் நின்றபடி அதன் மூக்கைப் பிடித்தேன். பூச்சு மாவுபோலக் கொட்டி இன்ஜினியரின் தலை என் தலைபோல நரைத்தது.

“ஏன் மேடம் நல்லாருக்குன்னு எழுதினீங்க?” என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“இல்லேன்னா பூட்டுவீங்க. பூட்டினா அந்த ரோட்டைத் தாண்டணும். போன வருஷம் அங்க ரெண்டு புள்ளைங்க அடிபட்டுச்சு. நீங்க ஏன் சார் பாத்துட்டு நல்லாருக்குன்னு போனீங்க?”

அவர் பிடியை இன்னும் இறுக்கினார். போன வருடப் போட்டோ நன்றாக வந்திருந்தது.

வெளியே போன தலைகளைச் சின்ன டீச்சர் மரத்தடியில் எண்ணினார். ஒன்று குறைந்தது. குறைந்த தலை யாருடையது என்று எண்ணாமலே தெரிந்தது.

என் பேத்தி ஒட்டகச்சிவிங்கியின் காலடியில், பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டு பக்கவாட்டில் கட்டைவிரல் அளவு நகர்ந்தது. என் கால்கள் வாசலிலேயே நின்றுகொண்டன. நான் மட்டும் உள்ளே போனேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

“வாம்மா, போலாம்.”

“இன்னும் தண்ணி குடுக்கல தாத்தா.”

“வேணாம். அதுக்கு வயிறு சரியில்ல.”

“யாரு சொன்னா?”

மேலே உத்தரம் ‘கர்ர்ர்’ என்றது.

“கேட்டியா, அதுவே சொல்லுது.”

அவள் யோசித்தாள். அவள் யோசித்து முடிக்கிறதுக்குள் எனக்கு எண்பது வயது கூடியது. “இந்த மாமா ஏன் அதைக் கட்டிப்புடிச்சிருக்காரு?”

“நான்... தடவிக் குடுக்கறேன் பாப்பா” என்றார் இன்ஜினியர். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. தூசியாகவும் இருக்கலாம்.

“அப்ப சாயந்திரம் நீங்களே குடுங்க.” அவள் பாட்டிலின் நாடாவை அவர் மணிக்கட்டில் மாட்டினாள். பிறகு பூனை மாதிரி நடந்தாள். அவள் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் நான் ஒரு தடவை செத்துப் பிழைத்தேன். அவளுக்குப் பூனை விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால் மெதுவாகவே நடந்தாள்.

இனி உள்ளே இருந்தது இன்ஜினியர், தச்சர், இதற்குள் உள்ளே வந்து முட்டுக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய டீச்சர். டிரைவரும் நானும் பெஞ்சுமேல் பெஞ்சாக அடுக்கி, அதன்மேல் அந்த மரப்பெட்டியைச் செங்குத்தாக ஏற்றி, உத்தரத்துக்குக் கீழே நகர்த்தினோம். இடைவெளியில் பிள்ளைகளின் பைகளைத் திணித்தோம். மேம்பாட்டு நிதி முதன்முதலாகப் பராமரிப்பு வேலை பார்த்தது.

“நீங்க போங்க மேடம்.”

“என் பள்ளிக்கூடம். நீங்க மொதல்ல போங்க சார்.”

“பஸ்ல சீட்டுக்கா ரெண்டு பேரும் மரியாதை பண்ணிக்கறீங்க?” என்றார் தச்சர். “மூணு பேரும் ஒண்ணா கையை எடுப்போம்.”

எடுத்தார்கள். பெட்டி முனகியது. ஆனால் தாங்கியது. அவர்கள் வாசல்படியைத் தாண்டி, மைதானத்தில் பாதி வந்து, இன்ஜினியர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் தாங்கியது. அப்புறம் அறை ஒரு பெருமூச்சு விட்டது. கதவு வழியாகத் தூசி மேகமாக வெளியே வந்தது. அது அடங்கியபோது உள்ளே வானம் தெரிந்தது. மரியாதை தெரிந்த கூரை என்று சொன்னேன் அல்லவா.

பெரிய டீச்சர் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றே எல்லா அறைகளும் பழுது என்று எழுதினார். கீழே இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டார். பாட்டில் இன்னும் அவர் மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து உடனே பதில் வந்தது: தொடுதிரைப் பலகை உடைந்ததற்கு யார் பொறுப்பு?

அடுத்த பதில் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் மரத்தடியில் பாடம் நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மீசை முளைப்பதற்கு முன்னாலேயே கட்டடம் வந்துவிட்டது. இன்ஜினியர் அந்தக் கோப்பைத் தன் பிள்ளைபோலத் தூக்கிக்கொண்டு அலைந்தார் என்று கேள்வி. இப்போது நல்ல கட்டடம். ஒரு விரிசல் கிடையாது. பல்லிகளுக்கு வேறு இடம் பார்க்கவேண்டியதாகிவிட்டது.

ஆனால் காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் பெரிய டீச்சர் மேலே பார்க்கிறார். சின்ன டீச்சரும் பார்க்கிறார். பெருக்க வரும்போது நானும் பார்க்கிறேன். பெரியவர்கள் பார்க்கிறார்களே என்று பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். போன மாதம் வந்த அதிகாரி இதைக் கவனித்தார்.

“நல்ல பழக்கம். என்ன பிரார்த்தனை இது?” என்று கேட்டார்.

எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரும் மெல்ல மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.