சக்கரம் வைத்த தாய்வீடு

மாரியம்மாள் குடியிருந்தது ஒரு பஸ்ஸில். வழி கேட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் கையைக் காட்டுவார்கள். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் மதில் முடிகிற இடத்தில், வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கில், கருவேல மரங்களுக்கு நடுவே அது நின்றது. நெற்றியில் ‘மைன்ஸ்’ என்று எழுதியிருந்த பெயின்ட் இன்னும் முழுக்கப் போகவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு வீட்டைப் பறிகொடுத்தவளுக்கு மூன்றாவது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல இவர்கள் யார்?

முதல் வீடு அவள் பிறந்த வீடு. சுரங்கம் விரிந்தபோது அந்தத் தெருவே போயிற்று. கூலிவேலைக்காரர்களின் தெரு என்பதால் அவர்கள் பெயரில் மண் இல்லை. கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போக அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். அப்போது மாரியம்மாள் நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டிய நேரத்தில் தாய்க்கே வீடில்லை. யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் தட்டி மறைத்து, சாணி வாசனையோடு தமிழ்நிலாவைப் பெற்றெடுத்தாள். கல்யாணம் கட்டிக்கொண்டு போன குடிசை இரண்டாவது வீடு. அதையும் ரோட்டை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. தன் மகளுக்காவது ஒரு தாய்வீடு இருந்தே தீரும் என்று மட்டும் சொன்னாள். அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அவள் புருஷன் அய்யனார் கான்ட்ராக்டில் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவன். அவன் ஓட்டிய வண்டி ஓய்ந்துபோய்க் காயலான் கடைக்குப் போக இருந்தபோது, கான்ட்ராக்டரிடம் பேசி அதைத் தானே வாங்கிக்கொண்டான். பைத்தியமா உனக்கு என்று கேட்டவளிடம் அவன் சொன்ன பதில் ஒன்றுதான். நமக்குத்தான் மண்ணு இல்லியே, சக்கரமாவது இருக்கட்டும். எவனாவது இடிக்க வந்தா நாம வூட்ட ஓட்டிகினு போயிடலாம் என்றான். அந்தச் சொல்லில் மாரியம்மாள் விழுந்துவிட்டாள். விழாமல் என்ன செய்வாள்?

இருவரும் சேர்ந்து சீட்டுகளைக் கழற்றினார்கள். கடைசி நீள சீட்டை மட்டும் விட்டுவைத்துக் கட்டிலாக்கினார்கள். சன்னல் கம்பிகளுக்குக் கொசுவலை அடித்தார்கள். பின்பக்கம் அடுப்பு மேடை, கூரைமேல் தண்ணீர் டேங்க், சாமான் வைக்கிற கம்பித்தட்டில் அரிசி டப்பாக்கள். டிரைவர் சீட்டை மட்டும் அய்யனார் தொட விடவில்லை. டவுன்ஷிப் வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து மாரியம்மாள் அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் காபி குடிப்பாள். எதிரே கண்ணாடி முழுக்க வெளியுலகம். பர்மனென்ட் வேலைக்காரர்களின் குவார்ட்டர்ஸில்கூட இவ்வளவு பெரிய சன்னல் கிடையாது என்று பெருமை பேசுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு கூத்து நடக்கும். அய்யனார் இன்ஜினை உசுப்பி, வீட்டைக் கொஞ்சம் முன்னால் ஓட்டிப் பின்னால் கொண்டுவருவான். வண்டியை ஒரே இடத்தில் போட்டுவைத்தால் டயர் செத்துவிடும், அடியில் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை துருவேறிவிடும் என்பான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தாலும் விடமாட்டான். மாரியம்மாள் உலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். நகரும் வீடு, அவளுடைய வீடு.

தமிழ்நிலாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் வில்லங்கம் வந்தது. அவள் பண்ருட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று வந்தவர்கள் பஸ்ஸைப் பார்த்ததும் காபியை வைத்துவிட்டு எழுந்தார்கள். காடாம்புலியூர் தனகோட்டி மட்டும் எழவில்லை. தன் மகன் சிலம்பரசன் லோடு வண்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு பாதி நாள் ரோட்டிலேயே குடியிருப்பவன், பஸ்ஸில் இருக்கிற பெண் அவனுக்கு ஏற்றவள்தான் என்று சிரித்தாள். அப்புறம் மாரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. எங்க சனம் கேக்குமில்ல, பொண்ணு எந்த வாசப்படி தாண்டி வரும்னு. ஒரே ஒரு நிலை வச்சிடுங்க. எங்க தோட்டத்துல பலாக்கட்ட கெடக்கு, நானே அனுப்பறன்.”

நல்ல மனுஷி. அந்த நல்ல மனதுதான் இந்தக் குடும்பத்தின் காலைக் கட்டிப்போட்டது. கெட்டவர்களாக இருந்தால் போடி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள் மாரியம்மாள்.

பலாமரம் வந்தது, மஞ்சளாய்ப் பளபளவென்று. கொத்தனார் தங்கராசு வந்தார். பஸ் படிக்கட்டுக்கு எதிரே தரையில் கடைக்கால் எடுத்து, இரண்டு பக்கமும் செங்கல் தூண் எழுப்பி, நடுவில் நிலையை நிறுத்தினார். அடியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் போட்டார்கள். போல்ட் போட்டால் வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாமே என்று அய்யனார் கேட்டுப் பார்த்தான். ஆடுகிற நிலை வீட்டுக்கு ஆகாது என்று தங்கராசு தலையை ஆட்டினார். இரும்பு ஆங்கிள் வைத்துத் தூணையும் பஸ் பாடியையும் சேர்த்து வெல்டிங் அடித்தார்கள். வந்த வேகத்தில் பஸ்ஸுக்குள்ளே தரைக்கும் சிமென்ட் போட்டு, கோலம் போடத் தோதாக இழைத்துவிட்டுப் போனார் தங்கராசு. வெளியே சக்கரம் தெரியாமல் இருக்க மாரியம்மாள் சுற்றிலும் தென்னங்கீற்று கட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யனார் இன்ஜினை மட்டும் ஓடவிட்டான். வீடு நின்ற இடத்திலேயே உறுமிவிட்டு அடங்கியது.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மாலையும் கழுத்துமாக மகள் அந்த நிலையைத் தாண்டிப் போனபோது மாரியம்மாள் தன் பிறவியே நிறைந்துவிட்டதாக நினைத்தாள். நினைக்கட்டுமே.

மறுவீடு முடிந்ததும் அய்யனார் தூணை எடுத்துவிடலாம் என்றான். ஆடிக்கு மகள் வரட்டும் என்றாள் இவள். ஆடிக்கு மகள் வந்தபோது வாயில் புளிப்பு மாங்காயோடு வந்தாள். அவ்வளவுதான், தூண் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி உள்ள குடும்பத்தில் வீட்டை இடிக்கக் கூடாது, சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் சக்கரம் இல்லை, எல்லா வீட்டையும் ஓட்டிக்கொண்டு தப்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவர்கள் தாங்களாகவே காலி செய்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அகற்றப்படுமாம். அன்றைக்கே அய்யனார் இரும்பறுக்கிற கேஸ் கட்டர் வைத்திருக்கிற ஆளைக் கூட்டிவந்தான். மாரியம்மாள் நிலையில் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வந்த ஆள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

“நாம இடிக்கக் கூடாது, சரி. அவன் வந்து இடிச்சா இன்னா பண்ணுவ?” என்றான் அய்யனார்.

“அது அவன் பாவம் மாமா. எம் பொண்ணு வயித்துல புள்ளய வச்சிகினு இருக்கசொல்ல என் வூட்டுல கடப்பார படக் கூடாது. தையில பெத்துடுவா. பெத்ததும் நானே ஒடச்சித் தரன்.”

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பட்டை இறங்கிக்கொண்டே வருகிறது, சிமென்டின் கனம் தாங்கவில்லை, மழை ஈரத்தில் டயர் புதைகிறது என்றான். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மாட்டுக்கொட்டகையில் பட்டது போதும் என்பதுதான். வண்டிக்காரன் சொல்வதை வண்டி விஷயத்திலாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனும் கத்தி, சண்டை போட்டு, அவளை இழுத்து நிறுத்திவிட்டுக் காரியத்தை முடித்திருக்கலாம். அவனும் செய்யவில்லை. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் என்று அவனுக்கும் பயம்தான்.

கார்த்திகைக் கடைசியில் வளைகாப்பு போட்டு, கை நிறைய வளையலோடு தமிழ்நிலாவைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். மாரியம்மாள் நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, ஆரத்தி சுற்றி மகளை உள்ளே அழைத்தாள். நீள சீட்டில் படுக்கவைத்து, பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அந்தச் சில வாரங்கள் அவள் ராணி. தேய்க்கப் போகிற வீடுகளிலெல்லாம், பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பொங்கல் கழிந்த மறுவாரம், காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீடு இடிக்கிற மஞ்சள் வண்டி வந்துவிட்டது. கூடவே ஜீப்பும், போலீசும். ஜீப்பில் வந்தவர் கெட்டவராகத் தெரியவில்லை. உள்ளே கர்ப்பிணி இருக்கிறாள் என்றதும் முகம் சுருங்கியது. பஸ்தானே அம்மா, ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள், மற்ற குடிசைகளை முடித்துவிட்டுக் கடைசியாக இங்கே வருகிறோம் என்று இரக்கத்தோடுதான் சொன்னார்.

அய்யனார் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் கீற்றைப் பிடுங்கிப் போட்டார்கள், டயருக்கு முன்னால் இருந்த மண்ணை வெட்டினார்கள். இனி தடுத்தது தூணும் நிலையும்தான். அதன்முன் மாரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கடப்பாரை தரையில் கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தமிழ்நிலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். வளையல்கள் குலுங்கக் குனிந்து கடப்பாரையை எடுத்தாள்.

“நீ நவுரும்மா. நான் இடிக்கறன்.”

மாரியம்மாள் அதைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூணில் ஓங்கிப் போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் வாய் ஏதோ ஒரு சாமியின் பேரைச் சொன்னது. தன் கையாலேயே தன் பேரப்பிள்ளைக்கு என்னவோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற பயத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இருந்தும் நிறுத்தவில்லை. செங்கல் உதிர்ந்தது. மற்றவர்களும் கை போட்டார்கள். தூண் போயிற்று. வெல்டிங் மட்டும் போகவில்லை. ஆங்கிள் வளைந்து, பலா நிலை பஸ்ஸின் விலாவிலேயே தொங்கியது. அதைப் பார்க்க நேரமில்லை. மஞ்சள் வண்டி பக்கத்துக் குடிசைக்கு வந்துவிட்டிருந்தது.

அய்யனார் கியர் போட்டான். பஸ் அசைந்தது. அசைந்ததும் எல்லாரும் ஓவென்று கூவினார்கள். மாரியம்மாள்கூடக் கை கூப்பினாள். தொங்கிய நிலையின் கால் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. பஸ் போக, நிலை நிற்க, பக்கவாட்டுத் தகரம் கிழிந்து உரிந்தது. உள்ளே சிமென்ட் தரை பிளந்தது. பின்பக்கம் எங்கோ பட்டை முறிந்த சத்தம் வந்தது. டேங்க் சரிந்து தண்ணீர் கொட்ட, பஸ் இடுப்பொடிந்து பாதையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. அய்யனார் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான். போதும் இறங்குப்பா என்று ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்து அவன் தோளைத் தொடும்வரை மிதித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கும் பிடிக்கவில்லை. மஞ்சள் வண்டிக்கு அதை ஓரமாக நெட்டித் தள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. அடுப்பும் அரிசி டப்பாவும் துணிமூட்டையும் கருவேல நிழலுக்கு வந்தன. மூட்டையின்மேல் தமிழ்நிலா உட்கார்ந்திருந்தாள். வலி இருக்கா, வலி இருக்கா என்று மாரியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிற்பகலில் லோடு வண்டியில் சிலம்பரசனும் தனகோட்டியும் வந்தார்கள். தனகோட்டி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம், நீங்களும் வந்துவிடுங்கள், கூடமாட இருந்தால் எனக்கும் உதவி என்றாள். சம்பந்தி வீட்டில் போய்க் குந்தித் தின்பதா? மாரியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று. தனகோட்டிக்கும் அது புரிந்தது. வற்புறுத்தவில்லை.

மகளை முன்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார்கள். சிலம்பரசன் வண்டியை எடுக்கப் போனான். தமிழ்நிலா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அம்மா, கொழந்தய தூக்கினு நான் எங்க வரட்டும்?”

மாரியம்மாள் அய்யனாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளும் எவ்வளவோ யோசித்தாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது, சிலம்பரசன் வண்டியை எடுத்தான்.