தாவப் போற மாதிரி ஒரு தவளை

எல்லாரும் எப்படி இருக்கீங்க கண்ணுங்களா? சளி, இருமல், மூட்டுவலி ஒண்ணும் இல்லையே? அப்ப உக்காருங்க, ஒரு தவளைக் கதை சொல்றேன். கேட்டா உங்களுக்கும் வயிறு எரியும்.

தவளையக்கா, தவளையக்கான்னு ஒருத்தி. தவளைய ஆராய்ச்சி பண்றவ, அதான் அந்தப் பேரு. அவ புருஷனும் அதே ஆபீஸ்தான். செத்த மீனு, பாம்பு, பல்லி எல்லாத்தையும் கண்ணாடி ஜாடியில மருந்துத் தண்ணி ஊத்தி கெடாம வைக்கிற வேலை. ஜாடிக்காரர்னாதான் எல்லாருக்கும் தெரியும். கைவேலை அவ்ளோ சுத்தம். அவர் போட்ட ஓணான் இப்பவே எந்திரிச்சு ஓடிடும் போல இருக்கும்.

ஊருக்கு வெளிய ஒரு ஓடை. அத மண்ணப் போட்டு மூடி கிடங்கு கட்டப் போறாங்க. அங்க ஒரு தவளை, பாக்க சாதாரணத் தவளைதான், கத்துறது மட்டும் வேற மாதிரி. இது புது இனம்னு அக்காவுக்குப் பட்டுடுச்சு. நிரூபிச்சுட்டா ஓடைய எவனும் தொட முடியாது. ஆனா சத்தத்த வச்சு ஒத்துக்க மாட்டாங்களாம், டி.என்.ஏ. டெஸ்ட்டு வேணுமாம். கொட்டுற மழையில இடுப்பளவு தண்ணில நின்னு, ஒண்ணே ஒண்ணப் புடிச்சா. திரும்பி வரும்போதே காய்ச்சல் நெருப்பா கொதிக்குது.

புருஷன் கையில குடுத்து, "முதல்ல தொடையில ஒரு துண்டு வெட்டி ஸ்பிரிட்ல போடுங்க. அப்புறம் மிச்சத்த ஃபார்மலின்ல போடுங்க. மாத்திப் பண்ணிடாதீங்க"ன்னு சொல்லிட்டுதான் படுத்தா. ஃபார்மலின் உடம்ப விறைப்பா நிக்க வைக்கும், டி.என்.ஏ.வ நாசம் பண்ணிடும். அவருக்குத் தெரியாததா?

காய்ச்சல் விட்டு ஆபீஸ் போனா, மனுஷன் பல்லக் காட்டிக்கிட்டே மெழுகுத் தட்ட நீட்டுறாரு. ஒவ்வொரு விரலையும் தனித்தனியா விரிச்சு ஊசி குத்தி வச்சிருக்காரு, தவளை தாவப் போற மாதிரி நிக்குது.

"துண்டு எங்க?"

"தொடைய வெட்டினா பாக்க நல்லாருக்காதும்மா. முழுசா ஃபார்மலின்லயே போட்டுட்டேன். அழகப் பாரேன்!"

"அழகா? இது என்ன சினிமாவுல நடிக்கவா போகுது?"

"அட, இன்னொண்ணு புடிச்சா போச்சு. இதுக்கு ஏன் இப்படி எரிஞ்சு விழுற?"

அவ அவர் கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போய் வண்டில ஏத்தினா. நேரா ஓடைக்கு. எங்க ஓடை? மண்மேடுதான் இருந்துச்சு. லாரிக்காரன் பின்னாடி வர்ற லாரிக்கு கை காட்டிக்கிட்டு இருந்தான்.

"இவ்ளோ சீக்கிரம் மூடுவாங்கன்னு நான்..."

"வாய மூடுங்க."

திரும்பி வந்து தவளைய அவளே ஜாடியில வச்சு, உடம்பாவது கெடாம இருக்கட்டும்னு ஸ்பிரிட்ட ஊத்தினா. ஜாடிக்குள்ள போடுற சீட்ட பென்சில்லதான் எழுதுவாங்க. மை கரைஞ்சுடும், பென்சில் எழுத்து நம்ம பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும். புடிச்ச இடம், தேதி எல்லாம் எழுதிட்டு, கடைசியில அழுத்தி எழுதினா: "டெஸ்ட்டுக்குத் துண்டு எடுக்கல. காரணம், அழகு. எடுக்காதது என் புருஷன்."

"அடியேய், இதப் போய் உள்ள போடுறியே! நாளைக்கு எவனாவது படிப்பான்டி!"

"படிக்கட்டும். அந்த ஓடையில என்ன கத்துச்சுன்னு கேப்பான்ல, அப்ப யாரத் திட்டணும்னு அவனுக்குத் தெரியணும்."

மூடிய இறுக்கித் திருகி, அவர் மேஜை மேலயே டொக்குனு வச்சுட்டுப் போயிட்டா.

உங்க வீட்லயும் இப்படி மினுக்குப் பாத்து காரியத்தக் கெடுத்த ஆளு இருப்பாங்கள்ல? என்ன பண்ணாங்க, நீங்க என்ன திட்டினீங்க, ஒண்ணு விடாம கீழ எழுதுங்க. புருஷன்னா ரெண்டு வரி சேத்தே எழுதுங்க.